ரிசைன் வேறு, ரிட்டயர் வேறு: படிவங்களில் வரும் இரட்டைச் சொற்கள்

ஒன்றுபோல் தெரியும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்துக் காட்டும் புத்தகங்களுக்குக் கடைகளில் பஞ்சமில்லை. ‘அஃபெக்ட்’ எப்போது, ‘எஃபெக்ட்’ எப்போது என்று அவை பக்கம் பக்கமாக விளக்கும். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவருக்கு அது உதவும். மூணாறின் தோட்டத் தொழிலாளர் லயத்திலோ கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோப்பிலோ உட்கார்ந்து அப்பா அம்மாவின் படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் பிள்ளைக்கு உதவாது. அந்தப் படிவங்களில் வரும் சொற்களே வேறு. அவற்றை மாற்றிப் புரிந்துகொண்டால் மார்க் குறையாது. பணம் குறையும், சான்றிதழ் திரும்பி வரும், சில சமயம் வீடே கையை விட்டுப் போகும்.

கேரள எல்லையோரத்துத் தமிழ் ஆட்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலச் சொல் நம்மிடம் பெரும்பாலும் மலையாளத்தின் வழியாகத்தான் வருகிறது. படிவம் நிரப்பப் போகும் அக்ஷயா மையத்தில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் மலையாளத்தில் சொல்வார்கள். அந்த மலையாளச் சொல் தமிழிலும் இருக்கும், பொருள் மட்டும் வேறாக இருக்கும். விண்ணப்பத்தில் ‘சமயம்’ என்று ஒரு கட்டம் இருந்தால் மதத்தைக் கேட்கவில்லை, நேரத்தைக் கேட்கிறார்கள். ‘அவதி’ என்றால் லீவு. ‘அவகாசம்’ என்றால் உரிமை. தவணை கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இவற்றில் மிகவும் ஆபத்தானது ‘ராஜி’. அதிலிருந்தே தொடங்குவோம்.

ரிசைன், ரிட்டயர், லே-ஆஃப்

தமிழில் ராஜி என்றால் சமாதானம். சண்டை போட்டவர்கள் ராஜியாகப் போவார்கள். மலையாளத்தில் ராஜி என்றால் வேலையை விட்டு விலகுவது. ராஜிக்கத்து என்பது ராஜினாமாக் கடிதம். மேனேஜரோடு தகராறு, சங்கத்தார் நடுவில் வந்திருக்கிறார்கள், ‘ராஜி’ எழுதி ஒப்பமிடச் சொல்கிறார்கள் என்றால், கையெழுத்துப் போடுமுன் அது எந்த ராஜி என்று கேளுங்கள். காகிதத்தில் ஆங்கிலத்தில் ‘ரிசிக்னேஷன்’ என்றிருந்தால் அது வேலையை நீங்களாகவே விடுவது. ‘செட்டில்மென்ட்’ என்றிருந்தால்தான் சமரசம்.

ரிசைன் செய்தாலும் ரிட்டயர் ஆனாலும் வேலை முடிகிறது என்பதால் பலரும் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறார்கள். முதலாவது நீங்கள் எடுக்கும் முடிவு. இரண்டாவது வயது எடுக்கும் முடிவு. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் இரண்டிலும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. இதை மறைத்து, ‘நீயே விட்டுட்டுப் போனா ஒண்ணும் கிடைக்காது’ என்று மிரட்டுகிறவர்கள் உண்டு, நம்பாதீர்கள். வித்தியாசம் தெரிவது பென்ஷனில். பி.எஃப். வழி வரும் பென்ஷன் முழுதாகக் கிடைக்க 58 வயது ஆக வேண்டும், பத்து வருடச் சேவையும் வேண்டும். 50 வயதுக்கு மேல் முன்கூட்டியே வாங்கலாம். ஆனால் 58க்கு எத்தனை வருடம் குறைகிறதோ, வருடத்துக்கு 4 சதவீதம் வீதம் தொகை குறையும். முட்டுவலி தாங்காமல் 54இல் ராஜிக்கத்து கொடுத்துவிட்டு உடனே பென்ஷனும் கேட்பவருக்கு 16 சதவீதம் போய்விடும், கடைசிவரை.

முதலாளி ஆளைக் குறைத்தால் அதற்குப் பெயர் ரிட்ரெஞ்ச்மென்ட். அப்போது நோட்டீசும், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் நஷ்டஈடும் சட்டப்படி உண்டு. கிராஜுவிட்டி அதற்கு மேல் தனி. ரிசைன் என்று எழுதி வாங்கிவிட்டால் அந்த நஷ்டஈடு கிடையாது. எழுதி வாங்க ஏன் அத்தனை அவசரப்படுகிறார்கள் என்பது இப்போது புரியும்.

லே-ஆஃப் என்ற சொல்லைப் பத்திரிகைகள் கெடுத்துவிட்டன. பெங்களூரு ஐ.டி. கம்பெனிச் செய்திகளில் அது வேலையை விட்டு அனுப்புவதைக் குறிக்கிறது. நம் தொழிலாளர் சட்டத்தில் அது தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாத நிலை. பெயர் செக்ரோலில் (தோட்டத்து ஆள் பதிவேட்டில்) இருக்கும், பாதிச் சம்பளம் இழப்பீடாக வரும், வேலை திரும்பத் தொடங்கும். கதவை மூடுவதிலும் இரண்டு உண்டு: ‘லாக்-அவுட்’ தகராறின்போது முதலாளி போடும் பூட்டு, ‘குளோஷர்’ நிரந்தர மூடல். 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பீருமேட்டில் பல தேயிலைத் தோட்டங்களை இந்த இரண்டில் எதையும் முறையாகச் சொல்லாமல் விட்டுவிட்டுப் போனார்கள். வேலை உண்டா இல்லையா என்று யாரும் சொல்லாததால் கிராஜுவிட்டிக்கு எந்தத் தேதிவரை கணக்குப் போடுவது என்பதே வழக்காயிற்று. அப்படிப்பட்ட தோட்டத்தில் இருப்பவர்கள் கடைசியாகச் சம்பளம் வாங்கிய சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

போனஸ், எக்ஸ்-கிரேஷியா

இந்த இரட்டையை விளக்க மூணாறை விட நல்ல உதாரணம் கிடையாது. 2015 செப்டம்பரில் கொழுந்தெடுக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் மலையிலிருந்து இறங்கி வந்து மூணாறு நடுவில் சாலையில் உட்கார்ந்தார்கள். போனஸ் 10 சதவீதம்தான் என்று தோட்ட நிறுவனம் அறிவித்திருந்தது. இவர்கள் 20 கேட்டார்கள். சங்கத் தலைவர்கள் யாரையும் பக்கத்தில் சேர்க்கவில்லை. பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று அவர்கள் கூட்டத்துக்குப் பெயர் அங்கேதான் பிறந்தது. பேச்சுவார்த்தை முடிந்து, 20 சதவீதம் கிடைத்தது என்று ஊரே கொண்டாடியது.

கையெழுத்தான தீர்வில் இருந்த கணக்கு இது: 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் எக்ஸ்-கிரேஷியா. கூட்டினால் 20. கைக்கு வந்த ரூபாயில் குறைவில்லை. பெயரில்தான் எல்லாம் இருக்கிறது.

போனஸ் சட்டப்படி வர வேண்டியது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் கீழ் வரம்பு 8.33 என்றும் மேல் வரம்பு 20 என்றும் வகுத்தது. 8.33 என்ற விசித்திர எண் நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது, அதாவது ஒரு மாதச் சம்பளம். நஷ்டம் வந்தாலும் கீழ் வரம்பைக் கொடுத்தாக வேண்டும். எக்ஸ்-கிரேஷியா அப்படியல்ல. ‘நான் கொடுக்கக் கடமைப்படவில்லை, நல்லெண்ணத்தால் தருகிறேன்’ என்று சொல்லித் தருவது. இந்த வருடம் வாங்கியதைக் காட்டி அடுத்த வருடம் உரிமையாகக் கேட்க முடியாது. ஆகவே அந்தத் தீர்வின்படி நிறுவனம் தன் கணக்கில் சட்டத்தின் கீழ் வரம்பில்தான் நின்றது, பெண்கள் தங்கள் கணக்கில் 20ஐத் தொட்டார்கள். இரு தரப்பும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ள ஒரு லத்தீன் சொல் வழி செய்தது. இதில் பெண்கள் ஏமாந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சாலையில் உட்கார்ந்தவர்களுக்கு அன்றைக்குப் பணம் தேவைப்பட்டது, வாங்கினார்கள். அதற்கடுத்த மாதமே நாட்கூலியும் 232இலிருந்து 301 ரூபாய் ஆனது. ஆனால் உங்கள் சம்பளச் சீட்டில் எந்தத் தொகை எந்தப் பெயரில் வருகிறது என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

அதே சீட்டில் ‘இன்சென்டிவ்’ என்று ஒன்று வரும். அன்றாடம் எடுக்க வேண்டிய கிலோவுக்கு மேல் எடுத்த கொழுந்துக்கான காசு அது. போனசோடு அதற்குத் தொடர்பில்லை.

பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி மூன்றையும் ‘கடைசியில் வர்ற பணம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். பி.எஃப். உங்கள் சம்பளத்தில் பிடித்த 12 சதவீதமும் முதலாளி பங்கில் ஒரு பகுதியும் வட்டியோடு சேர்ந்தது. முதலாளி போடும் 12இல் 8.33 பென்ஷனுக்குப் போய்விடும். இங்கேயும் 8.33 வருகிறதே என்று போனசோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கிராஜுவிட்டிக்காக உங்களிடம் எதுவும் பிடிப்பதில்லை. அது முழுக்க முதலாளி தருவது. சேவை வருடம் ஒவ்வொன்றுக்கும் 15 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின் விகிதத்தில். கணக்குக்காக நாட்கூலி 400 ரூபாய், சேவை 30 வருடம் என்று வைத்துக்கொண்டால், 400ஐப் பதினைந்தாலும் முப்பதாலும் பெருக்க 1,80,000 ரூபாய். இதைப் பேனா பிடித்து நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போனால் அங்கே பேச்சின் தொனி மாறும்.

பொசஷன், ஓனர்ஷிப், லீஸ்

நிலம் யாருடையது, யார் கையில் இருக்கிறது, எத்தனை காலத்துக்கு என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் மூன்று சொல். இவற்றைப் பிரித்துப் பார்க்க முல்லைப் பெரியாறே போதும். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசு 8,000 ஏக்கரை ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகையில் 999 வருடங்களுக்கு லீசுக்குக் கொடுத்தது. 1970இல் வாடகையை 30 ரூபாயாக்கினார்கள், மீன்பிடி உரிமையைக் கேரளத்துக்குத் திருப்பினார்கள். அணையைப் பராமரிப்பதும் இயக்குவதும் தமிழ்நாடு, மண் கேரளம். 999 வருடம் என்றால் சொந்தம் மாதிரிதானே என்று கேட்கத் தோன்றும். இல்லை. காலம் எவ்வளவு நீண்டாலும் லீஸ் லீஸ்தான்.

நம் அளவுக்கு வருவோம். வில்லேஜ் ஆபீசில் தரும் பொசஷன் சர்டிபிகேட் நிலம் உங்கள் கைவசம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. கரம் (நிலவரி) கட்டிய ரசீது, நீங்கள் கரம் கட்டினீர்கள் என்று சொல்கிறது. சொந்தம் என்பதற்கு ஆதாரம் பட்டயமோ பதிவான பத்திரமோதான். வரி ரசீது உடைமையை நிரூபிக்காது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவில் எல்லைக்கு இரு பக்கமும் நிலம் வைத்திருப்பவர்கள் பொள்ளாச்சிப் பக்கத்துப் பட்டா, சிட்டாவையும் இந்தப் பக்கத்துப் பட்டயம், தண்டப்பேரையும் ஒன்றுக்கொன்று ஈடாக நினைத்து வங்கியில் நிற்பதைப் பார்க்கலாம். மேனேஜர் கேட்பது பொசஷனா டைட்டிலா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாதி அலைச்சல் மிச்சம்.

லயத்து வீடு இந்த மூன்றிலும் சேராது. வேலையோடு ஒட்டிய இருப்பிடம். ஆங்கிலத்தில் நீங்கள் அதன் ‘ஆக்குபன்ட்’. ‘ஆக்குபேஷன்’ என்ற கட்டம் கேட்பது தொழிலை. பக்கத்திலேயே ‘ஆக்குபைட் பை’ என்று வந்தால் குடியிருப்பவரை. வேலை முடிந்ததும் வீட்டைக் காலி செய்தால்தான் கிராஜுவிட்டி என்று நிறுத்திவைக்கும் பழக்கம் பல தோட்டங்களில் இருக்கிறது. அப்படிச் சொன்னால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சொந்த ஊர் என்ற பொறி

‘நேட்டிவ் பிளேஸ்’, ‘பிளேஸ் ஆஃப் பர்த்’, ‘பர்மனென்ட் அட்ரஸ்’. மூன்று கட்டங்கள் அடுத்தடுத்து வரும். மூணாறிலோ வண்டிப்பெரியாரிலோ பிறந்து வளர்ந்த ஒருவரிடம் சொந்த ஊர் எது என்று கேளுங்கள். ‘சங்கரன்கோவில் பக்கம்’ என்பார். ஆயுளில் பத்துத் தடவை கோயில் கொடைக்குப் போயிருப்பார், அவ்வளவுதான். அது பாசத்தில் வரும் பதில். படிவம் பாசத்தைக் கேட்கவில்லை. அந்த மூன்று கட்டத்திலும் சங்கரன்கோவிலை எழுதிவிட்டு, அதே கையால் கேரளத்தில் நேட்டிவிட்டி சர்டிபிகேட் கேட்டால் வில்லேஜ் ஆபீசர் என்ன செய்வார்? பிறந்த இடம் என்றால் பிறந்த இடம். நிலையான முகவரி என்றால் ரேஷன் கார்டு எங்கே இருக்கிறதோ அது. நேட்டிவ் என்றால் தாத்தாவின் தாத்தா எங்கிருந்து வந்தார் என்பதல்ல. நீங்களும் உங்கள் பெற்றோரும் எந்த மண்ணில் வேரூன்றியிருக்கிறீர்கள் என்பது.

‘ரெசிடென்ஸ்’ இதற்கும் கீழே. இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது மட்டும். ஆகவே ரெசிடென்ஸ் சர்டிபிகேட் கையில் இருக்கிறது என்று நேட்டிவிட்டி கேட்கும் இடத்தில் நீட்ட முடியாது.

பட்டியல் சாதிச் சான்றிதழில் இந்தச் சொற்களின் கனம் பல மடங்கு. குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதி ஆணை வந்த நாள் 1950 ஆகஸ்ட் 10. அந்த நாளில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்ததோ அந்த மாநிலத்துப் பட்டியலில்தான் அதற்கு இடம். பிறகு வந்தவர்களை ‘மைக்ரன்ட்’ என்று வைத்து, பழைய மாநிலத்தின் பெயரில் சான்று தருவார்கள். இங்கே இடஒதுக்கீடு கிடைக்காது. தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பிளஸ் டூ முடித்தபின் இந்தச் சுவரில் முட்டி நிற்கிறார்கள். மூன்று தலைமுறையாக அதே மலையில் கொழுந்தெடுத்த குடும்பத்திடம் 1950க்கு முந்தைய காகிதம் கேட்பது நியாயமா என்பது தனிக் கேள்வி. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. விதி மாறும்வரை செய்யக்கூடியது ஒன்றுண்டு. தாத்தா பாட்டி பெயர் இருக்கும் பழைய செக்ரோல், தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, ஆஸ்பத்திரிப் பிறப்புப் பதிவு, கோயில் அல்லது சர்ச் பதிவு, எது கிடைக்கிறதோ அதன் நகலை, கல்லூரி விண்ணப்பம் வரும்வரை காத்திராமல், பிள்ளை எட்டாவது படிக்கும்போதே தேடி எடுங்கள். ‘மைக்ரேட்டட் ஃப்ரம்’ என்ற கட்டத்தில் உண்மையான வருடத்தை விசாரித்து எழுதுங்கள். ‘ரொம்ப வருஷமா’ என்று வாயால் சொன்னதை ஆபரேட்டர் தன் யோசனைப்படி ஒரு வருடமாக்கித் தட்டிவிட விடாதீர்கள்.

பெயரிலும் இதே கதை. பள்ளியில் மு. செல்வி, ஆதாரில் செல்வி முருகன், ரேஷன் கார்டில் ஷெல்வி. ‘இனிஷியல்’ அப்பா பெயரின் முதல் எழுத்து. ‘சர்நேம்’ குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் வைக்கும் பழக்கம் இல்லாததால் ‘சர்நேம்’ கட்டத்தில் அப்பா பெயரை முழுதாகப் போடுவதே வழக்கம். போட்டால் எல்லா இடத்திலும் அப்படியே போட வேண்டும். ஏற்கெனவே மாறிக் கிடந்தால் கேரளத்தில் ‘ஒன் அண்ட் த சேம்’ சர்டிபிகேட் என்று ஒன்று வில்லேஜ் ஆபீசில் தருகிறார்கள். இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சொல்லும் சான்று. தமிழர்களுக்கென்றே யாரோ யோசித்துச் செய்தது போலிருக்கும்.

நாமினி, வாரிசு

ஒரு லயத்து வாசலில் பி.எஃப். படிவம் நிரப்பும்போது நடந்த பேச்சு:

“நாமினி பேரு யாரும்மா?”

“உன் தம்பி பேரப் போடு. கொள்ளி வைக்கப் போறவன் அவன்தான?”

“நாமினிக்கும் கொள்ளிக்கும் சம்பந்தம் இல்லம்மா. பணத்த ஆபீஸ்ல இருந்து கையில வாங்குற ஆளு, அவ்வளவுதான்.”

மகள் சொன்னது பெரும்பாலும் சரி. நாமினி பணத்தை வாங்கும் கை. பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை வாரிசுரிமைச் சட்டம் சொல்லும் என்று 1983இல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அண்ணன் நாமினி என்பதால் வங்கிப் பணத்தில் தங்கைக்குப் பங்கில்லை என்று ஆகாது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணமே அவர்களுக்கு. பி.எஃப்.பில் கல்யாணத்துக்கு முன் எழுதிய நாமினேஷன் கல்யாணமானதும் செல்லாமல் போய்விடும். மாற்றி எழுதாதவர்கள் நம் பக்கத்தில் மெத்த.

வாரிசு என்பதற்கு மலையாளத்தில் அனந்தராவகாசி. மேலே சொன்ன ‘அவகாசம்’ இங்கே தலைகாட்டுகிறது.

மழைச் சொற்கள்

‘அலர்ட்’, ‘வார்னிங்’ இரண்டையும் எச்சரிக்கை என்றே மொழிபெயர்த்துவிடுகிறோம். வானிலைத் துறையில் மஞ்சள் என்றால் கவனமாயிரு, ஆரஞ்சு (அலர்ட்) என்றால் தயாராயிரு, சிவப்பு (வார்னிங்) என்றால் செயலில் இறங்கு. ‘ஹெவி’, ‘வெரி ஹெவி’, ‘எக்ஸ்ட்ரீம்லி ஹெவி’ என்பவையும் ஏதோ பேச்சுக்குச் சொல்வதல்ல. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை முதலாவது, 204.4 வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து லயங்கள் புதைந்து 70 பேர் மாண்டபின், சரிவில் குடியிருப்பவர்கள் இந்த நிறங்களை வெறும் செய்தியாகக் கேட்க முடியாது.

அணைக்கும் நீலம், ஆரஞ்சு, சிவப்பு அலர்ட் உண்டு. அது மழையைப் பற்றியதல்ல, நீர்மட்டத்தைப் பற்றியது. வானம் வெளுத்திருக்கும்போதும் வரும். அதேபோல் ‘லெவல்’ வேறு, ‘ஹைட்’ வேறு. உச்ச நீதிமன்றத்தின் 2014 மே 7 தீர்ப்பு சொன்ன 142 அடி முல்லைப் பெரியாற்றில் தேக்கலாம் என்ற நீர்மட்டம். அணையின் உயரம் அஸ்திவாரத்திலிருந்து 176 அடி. டீக்கடையில் இந்த இரண்டு எண்ணையும் வைத்துச் சண்டை நடந்தால் எடுத்துச் சொல்லலாம். கேட்பார்கள் என்று உறுதி தரமாட்டேன்.

முத்திரைச் சொற்கள்

ஆங்கிலம் பிடிபடவில்லை என்றால் தமிழிலேயே எழுதலாம். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள உள்ளூர் ஆபீசுகளுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் கேட்கலாம். எந்த மொழியில் கொடுத்தாலும் அதன்மேல் விழும் முத்திரையை மட்டும் ஆங்கிலத்தில் படிக்கத் தெரிய வேண்டும்.

‘ரிசீவ்டு’ என்றால் காகிதம் கைக்கு வந்தது. ‘ஃபார்வேர்டட்’ என்றால் அடுத்த மேஜைக்குப் போனது. நல்லதென்றோ கெட்டதென்றோ யாரும் சொல்லவில்லை. ‘ரெக்கமண்டட்’ என்றால் கீழே இருப்பவர் தரலாம் என்கிறார். ‘அப்ரூவ்டு’ என்றால் திட்டத்துக்கு ஒப்புதல். ‘சேங்ஷன்டு’ என்றால் தொகை ஒதுக்கியாயிற்று. ‘டிஸ்பர்ஸ்டு’ என்றால்தான் பணம் கணக்கில் ஏறியது. வீட்டுக்கு ‘சேங்ஷன்’ ஆயிற்று என்று கேட்டதுமே பழைய கூரையைப் பிரித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாஸ்புக்கில் முதல் தவணை விழும்வரை கூரை இருக்கட்டும். ஆபீசிலிருந்து கிளம்பும்போது தேதியும் எண்ணும் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ‘அவர் எடுத்து வச்சிருக்காரு’ என்பது எந்த முத்திரையிலும் சேராது.